உலக்கை இல்லாத வீடு

எனக்கு நாய்க் கதைகளைக் கண்டாலே ஆகாது. நாய்களோடு எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கதைகளைக் கட்டிவைத்தவர்களோடுதான் கோபம். எந்தக் கதையை எடுத்தாலும் நாய் நன்றியுள்ளதாக இருக்கும், பெண் நன்றிகெட்டவளாக இருப்பாள். நாய் பிள்ளையைக் காக்கும், தாய் அவசரப்படுவாள். நாய் எஜமானுக்காக உயிரை விடும், பெண்சாதி அதே எஜமானைக் காட்டிக்கொடுப்பாள். கதை முடிந்ததும் சொன்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "பெண்புத்தி பின்புத்தி" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களும் சேர்ந்து தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவள். படங்களைப் பார்ப்பதே என் தொழில். கோயில் சுவர்களிலும் பழைய கலண்டர்களிலும் பெண்ணுக்குப் பக்கத்தில் கிளி நிற்கும், மான் நிற்கும், அன்னம் நிற்கும். நாய் நிற்காது. நாய் வேடனுக்கும் காவல்காரனுக்கும், அதை வாகனமாகக் கொண்ட வைரவருக்கும் உரியது. பெண்ணையும் நாயையும் ஒன்றாக நான் முதன்முதல் பார்த்த படம் ஒரு பிஸ்கட் ரின்னின் மூடியில் இருந்தது. மடியில் வெள்ளைக் குட்டிநாய் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி சாய்ந்திருந்தாள். அம்மா அந்த ரின்னில் ஊசியும் நூலும் போட்டுவைத்திருந்தார். "வேலைவெட்டி இல்லாதவள்" என்று அந்தப் பெண்ணை ஏசாமல் அவர் ஒருநாளும் மூடியைத் திறந்ததில்லை. கணவனுக்கு முன்னால் சாப்பிடுகிறவள் அடுத்த பிறவியில் நாயாகப் பிறப்பாள் என்று எனக்குச் சொல்லித்தந்ததும் அதே அம்மாதான். அப்போது எனக்கு ஏழு வயது. வரப்போகிற கணவன் எங்கேயோ இருந்து சாப்பிட்டிருப்பானா இல்லையா என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

உருத்திரபுரத்தில், எங்கள் வயலுக்குப் போகும் வாய்க்கால் கரையில், எங்கள் குடும்பத்து வைரவர் கோயில் இருக்கிறது. அதன் புது மண்டபத்தின் உட்சுவரில் மூன்று படங்களுக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு கரையிலும் இருப்பவை நான் கீறிய படங்கள். நடுவில் சுண்ணாம்பு அடித்து மூடிய வெறும் வெள்ளை. யாராவது கேட்டால், அந்த இடத்தில் சுவர் ஈரம் பிடித்துவிட்டது என்று என் கணவரின் தமையன் சொல்கிறார். ஈரமும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கணவரின் தமையனை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். கோயில் அவர் கையில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வைரவருக்கு மடை வைப்போம். பொங்குவதும் வடைமாலை கோப்பதும் படைப்பதும் ஆண்கள். பெண்கள் வீட்டில் அரிசி கொழித்து, உழுந்து ஊறப்போட்டு, தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, கோயிலில் கட்டியிருக்கும் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். படைத்து முடிந்ததும் பெரியத்தான் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயில் உண்டான கதையைச் சொல்வார். எனக்குக் கலியாணமான வருஷத்திலிருந்து கேட்டு வருகிறேன். போரில் இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில்கூட அவர் அதை விடவில்லை. சூலம் இல்லை, கோயில் இல்லை, ஒரு தறப்பாள் கூரைக்குக் கீழே பால்மா ரின்னில் பொங்கிவைத்து அந்தக் கதையைச் சொன்னார்.

கதை இதுதான். அரசாங்கம் காடு வெட்டிக் காணி கொடுத்த காலத்தில் அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் ஆளாக இங்கே வந்தார். கூட இளம் மனைவி. வைரவரே அனுப்பியதுபோல ஒரு கறுத்த ஆண் நாய் காட்டுக்குள்ளிருந்து வந்து சேர்ந்தது. ஒருநாள் அவர் தடி வெட்டப் போயிருந்தபோது, மனைவி தண்ணீர் அள்ள இறங்கினாள். நாய் குரைத்து வழியை மறித்தது. சேலையைக் கவ்வி இழுத்தது. விசர் பிடித்து வெறிநாயாகிவிட்டது என்று நினைத்த அவள், உலக்கையை எடுத்து ஒரே அடியில் அதைக் கொன்றுபோட்டாள். அடுத்த கணம், அவள் கால் வைக்க இருந்த இடத்திலிருந்து பாம்பு ஊர்ந்து போனது. திரும்பி வந்த அவர் நாயை மடியில் கிடத்தி அழுதார். புதைத்த இடத்தில் ஒரு சூலத்தை நட்டார். அதுதான் கோயில்.

கதை முடிந்ததும் எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் "பிழை பொறுக்க வேணும் வைரவரே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இது எங்கள் வழக்கம். மருமக்கள், பேத்திகள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கிற பிள்ளைகள், யாருக்கும் விலக்கில்லை. ஆண்கள் கைகட்டிக்கொண்டு பார்த்துநிற்பார்கள்.

வேறு ஊர்களுக்கு ஆயிரம் வருஷப் பழங்கதைகள் இருக்கும். அந்தக் கதைகளில் வரும் பெண்கள் எல்லாம் எப்போதோ செத்துப்போனவர்கள். எங்கள் ஊர் அப்படியில்லை. எங்கள் ஊரே மாமியைவிட வயதில் குறைந்தது. நாயைக் கொன்ற அந்தப் பெண் என் கணவரின் தாய், என் மாமி. எண்பத்தெட்டு வயதில் எங்கள் விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருக்கிறார். வருஷாவருஷம் கயிற்றுக்கு வெளியே பெண்களுக்கு முன்னால் நின்று, தன்னைப் பற்றிய கதையை மகன் சொல்லக் கேட்டு, முதல் ஆளாகக் கன்னத்தில் போட்டுக்கொள்பவரும் அவர்தான். அதையும் ஒரு கன்னத்தில்தான் போடுவார், வலது கன்னத்தில். தோளில் பிடிப்பு இருப்பதால் மற்றக் கையைத் தூக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமிக்கும் எனக்கும் ஒத்துவராது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் குழம்பு அவருக்கு உறைக்காது. என் பிள்ளைகள் அவருக்கு மெலிவு. நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன காலத்தில் சேலை பறப்பது பிழையாக இருந்தது. மோட்டார் சைக்கிள் எடுத்த பிறகு சத்தம் பிழையாகிவிட்டது. வளவுக்குள் ஒரு நாயை வர விடமாட்டார். படலையில் நாய் மூக்கை நீட்டினாலே விளக்குமாறோடு எழும்புவார். என் மகள் ஒருமுறை ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடும்வரை மாமி சாப்பிடாமல் இருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். "வாயில்லாச் சீவனை உலக்கையால அடிச்சுக் கொன்ற மனுசிக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்?" என்று குசினிக்குள் அடுப்படியில் நின்று, அவருக்குக் கேட்கும்படி சொன்னேன். என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்கிற மாமியின் வாய் அன்றைக்கு அடங்கிப்போனதில் எனக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை அதே வார்த்தையை எடுத்துப் பாவித்திருக்கிறேன். மற்றவர்களின் கதைகளைப் பழிக்கிற நான் செய்த வேலை அது.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தபோது, கோயில் உண்டான கதையைச் சுவரில் கீற வேண்டும் என்று பெரியத்தான் சொன்னார். வெளியிலிருந்து ஆளைப் பிடிக்கத் தேவையில்லை, வீட்டிலேயே சித்திர ரீச்சர் இருக்கிறாவே என்றார். கும்பாபிஷேகம் முடிந்தால் கயிற்றுக்கு உள்ளே நான் போக முடியாது. நான் கீறிய சுவருக்குக் கிட்டப் போய் ஒரு கீற்றைத் திருத்தக்கூட முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சம்மதித்தேன். பத்தடி நீளச் சுவரை யார் எனக்குத் தருவார்கள்? ஆசைதான்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் சாப்பாட்டு மேசையில் பெரிய கடதாசிகளை விரித்து மாதிரிகள் கீறினேன். முதல் படம், காட்டுக்குள் குடிசையும் நாயும். மூன்றாவது, தகப்பனார் சூலம் நடுவது. நடுவில், உலக்கையை ஓங்கி நிற்கும் பெண். அதை நன்றாகவே கீறியிருந்தேன். பெண்ணின் தலைமயிர் அவிழ்ந்து பறந்தது, கண் பிதுங்கியிருந்தது. மாமியின் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அந்தக் கண்ணில் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

மாமி பொல்லை ஊன்றிக்கொண்டு குசினிக்குப் போகும் வழியில் மேசையருகே நின்றார். கடதாசியைக் கனநேரம் பார்த்தார்.

"உலக்கை எங்கால வந்தது?" என்றார்.

"எது, மாமி?"

"இந்த உலக்கை. அப்ப எங்களிட்ட உலக்கை இல்லை. ஒரு றங்குப்பெட்டியும் ரெண்டு சட்டியும் ஒரு பாயும் கொண்டுதான் வந்தனாங்கள். உரல் உலக்கை எடுத்தது மூத்தவன் பிறந்த பிறகு."

"பின்ன எதால அடிச்சனீங்கள்?" என்று கேட்டேன். நல்ல குரலில் கேட்கவில்லை.

"நான் அடிக்கேல்லை" என்று சொல்லிவிட்டு மாமி குசினிக்குள் போய்விட்டார்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். கும்பாபிஷேகத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு வாழ்நாள் முழுக்கத் தலையாட்டிய கதையை இப்போது மறுக்கிறாரே என்று. வயது போய்விட்டது, நினைவு குழம்புகிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த உலக்கை என்னை விடவில்லை. மறதிக்காரர் எதையாவது மறப்பார். இல்லாத உலக்கையை இல்லை என்று எப்படி நினைவு வைத்திருப்பார்?

அடுத்த நாள் காய்கறி வெட்டிக்கொண்டே கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். மாமி ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு துண்டு சொல்வார், பிறகு என் வெட்டு தடிப்பு என்று ஏசுவார், பிறகு இன்னொரு துண்டு சொல்வார்.

நாய் காட்டிலிருந்து வரவில்லை. மாமியின் தாய்வீட்டு நாய். கறுப்பும் இல்லை, ஆணும் இல்லை. சிவலைப் பெட்டை. லொறியில் சாமான் ஏற்றும்போது அதுவும் பாய்ந்து ஏறிவிட்டது. இறக்கி இறக்கி விட்டும் ஏறியதால், போகட்டும் என்று விட்டுவிட்டார்களாம். காட்டுக்குள் குடிசை. மாமிக்குப் பத்தொன்பது வயது, வயிற்றில் மூத்த பிள்ளை, அதாவது பெரியத்தான். பகல் முழுக்கப் பேச்சுத்துணைக்கு அந்த நாய்தான்.

"அவர் அடிக்கிறவர்" என்றார் மாமி. "அண்டைக்கும் அடிச்சவர்."

"என்னத்துக்கு?"

"ஞாபகம் இல்லை. அடிக்கிற நாளில அதுவும் ஒண்டு."

முகத்தில் அடித்து, விழுந்தவரை இழுத்து எழுப்பி மறுபடி கை ஓங்கியபோது, நாய் பாய்ந்து அந்தக் கையின் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டதாம். விடவில்லையாம். மற்றக் கையால் மண்வெட்டிப் பிடியை எடுத்து அவர் அதன் தலையில் அடித்தார். விடும்வரைக்கும் அடித்தார். மாமி பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"பேந்து பயம் வந்திட்டுது அவருக்கு. கடிச்ச நாய்க்கு விசர் இருந்திருக்குமோ எண்டு. நாப்பது நாளும் ஒவ்வொரு காலமையும் செம்பில தண்ணியை வைச்சு, அதைக் கண்டு பயம் வருகுதோ எண்டு பாத்துக்கொண்டிருந்தவர். அந்தப் பயத்திலதான் நேத்தி வைச்சுச் சூலம் நட்டது. நாய் எப்பிடிச் செத்தது எண்டு அக்கம்பக்கம் கேக்கத் தொடங்கின உடனை, மனிசி அவசரப்பட்டு அடிச்சுப்போட்டாள் எண்டவர். பாம்பு பிறகு வந்தது. ஒவ்வொரு வருசமும் கதை வளந்து வளந்து வந்தது."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். மாமாவின் கடைசி இரண்டு வருஷமும் அவருக்குக் கஞ்சி பருக்கியவள் நான்தான். வலது மணிக்கட்டில் மேலே இரண்டும் உட்புறம் இரண்டுமாக நான்கு வெளிறிய தழும்புகள் இருந்தன. அது என்ன என்று கேட்டதற்கு, "பண்டி வெட்டினது" என்றார். காட்டுப்பன்றியின் கொம்பு வெட்டினால் சதை கிழிந்து நீளமாகத் தழும்பு வரும். நான்கு புள்ளி வராது. பிள்ளைகளுக்கு உற்றுப் பார்க்கப் படிப்பிக்கிற நான், அந்தக் கையைத் தினமும் பிடித்துத் துடைத்தும் இதை யோசிக்கவில்லை. பண்டி என்றார், நானும் ஓம் என்றேன்.

"ஏன் மாமி இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை?" என்று கேட்டேன். கேட்கும்போது, குசினிக்குள் நின்று நான் சொன்ன வார்த்தை எனக்குள் வந்து நின்றது. வெட்கமாக இருந்தது.

"ஆர் கேட்டது? நீயும் இப்பதானே கேக்கிறாய். கோயில் எழும்பீட்டுது. சனம் நேந்து சுகமாகியிருக்குது. உன்ர புருசன் நெருப்புக் காய்ச்சலில கிடக்கேக்க நானும் வைரவரிட்டத்தான் நேந்தனான். சாமி பொய்யில்லை, பிள்ளை. கதைதான் பொய்."

மேசையில் இருந்த கடதாசியைப் பொல்லால் காட்டினார்.

"வாயால சொல்லுறது சொல்லி முடிஞ்சா முடிஞ்சுது. சுவரில கீறினா அப்பிடியில்லை. நான் செத்தாலும் அதில உலக்கையோட நிப்பன். என்ர பேத்திமாற்ற பிள்ளையளும் வந்து பாக்குங்கள், பூட்டி நாயை அடிக்கிறா எண்டு. அதை மட்டும் செய்யாதை."

மாமி என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏசியிருக்கிறார், ஏவியிருக்கிறார், கேட்டதில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். வயலில் தண்ணீர் பங்கிடும்போது வாய்க்காலை அடைக்கிறவனோடுகூடச் சண்டைக்குப் போகமாட்டார். "அது உனக்கேன்? மூண்டு படத்தையும் கீறிப்போட்டு விடன்" என்றார். பிறகு, "அம்மா உண்மையா அப்பிடிச் சொன்னவாவோ?" என்று மெல்லக் கேட்டார். ஓம் என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்.

பெரியத்தானிடமும் முறையாகத்தான் தொடங்கினேன். நடுப்படம் வேண்டாம், வைரவரைத் தனியாகக் கீறுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நடுப்படம்தான் ரீச்சர் முக்கியம்" என்றார். "அதில்லாட்டி என்ன கதை இருக்கு? பொம்பிளையள் பாத்துத் திருந்தவேண்டிய படம் அது. உம்மைக் கீறச் சொன்னது, கதை எழுதச் சொல்லேல்லை."

பொம்பிளையள் பாத்துத் திருந்தவேண்டிய படம். அந்த ஒரு வசனத்தோடு என் பொறுமை முடிந்தது. அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் நடுச்சுவரை வெறுமையாக விட்டுவிட்டு வந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

கரைகளில் இருந்த இரண்டு படங்களையும் முதலில் முடித்தேன். நடுச்சுவருக்கு முன்னால் நெல் காயவிடும் படங்கைக் கட்டித் தொங்கவிட்டு, வர்ணம் காயும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்றேன். மண்டபத்து வாசலில் ஒரு தெருநாய் படுத்துக்கிடக்கும். பல குட்டி போட்டு முலை தொங்கிய பெட்டை. அதற்குக் கொஞ்சம் பாண் போட்டு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நாயைக் கீறினேன். பாயும்போது பின்காலின் தசை எப்படி நிற்கும், கவ்வும்போது காது எப்படி மடியும் என்று கவனமாகச் செய்தேன். மாமாவின் முகத்தைப் பூதமாக்கவில்லை. சாதாரண மனிதனாக, அடிக்கிற நாளில் ஒரு நாள் அடிக்கிற மனிதனாகக் கீறினேன். ஓங்கிய வலது கை, அதன் மணிக்கட்டில் நாயின் பல். பின்னால் நிலத்தில் ஒரு கை ஊன்றி எழும்பப் பார்க்கும் பெண். எங்கள் வீட்டில் மாமியின் இளவயதுப் படம் ஒன்றும் இல்லை. இடம்பெயர்வில் போனது போனதுதான். என் மகளின் முகத்தில் மாமியின் மூக்கை வைத்துக் கீறினேன். அழகாக வந்தது.

கும்பாபிஷேகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலையில் பெரியத்தான் மேசனையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசல் தூணுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை மிச்சம் இருந்தது. நான் படங்கை அவிழ்த்துவிட்டேன்.

பெரியத்தான் முதலில் நாயைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கைக்கு உரிய முகத்தைப் பார்த்தார்.

"என்ன கீறி வைச்சிருக்கிறீர்?"

"நடந்ததை."

"ஆர் சொன்னது? ஐயாவை நாய் கடிக்கிறதோ? கோயில் கட்டின மனுசனைக் கோயில் சுவரிலயே நாயிட்டக் குடுத்திருக்கிறீர். உமக்கு வெக்கமில்லை? எங்கட வீட்டுச் சோத்தைத் திண்டுகொண்டு..."

"உங்கட வீட்டுச் சோத்தை நான்தான் சமைக்கிறன், அத்தான். அந்தக் கையில இருந்த தழும்பைத் துடைச்சதும் நான்தான். நாலு பல்லு."

"பண்டி வெட்டினது!"

"பண்டிக்கு வாயில என்ன, நாய்ப்பல்லோ?"

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். அடிப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், பயந்தேன் என்றும் சொல்லத்தான் வேண்டும். அவர் அடிக்கவில்லை. மேசனைப் பார்த்து, "உந்த வாளியைக் கொண்டுவா, இப்பவே அழி" என்றார். மேசன் தூரிகையைக் கையில் எடுத்தபடி என்னைப் பார்த்துத் தயங்கினார். அழித்தாலும் கதை வெளியில் போகும் என்று பெரியத்தானுக்கு அந்தத் தயக்கத்தில் பிடிபட்டிருக்க வேண்டும். பொய் என்று எல்லோர் முன்னாலும் நிறுவிவிட்டு அழிக்கத்தான் அவருக்கு விருப்பம். என் கணவருக்குப் போன் எடுத்தார்.

"அம்மாவை உடனை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வா. அவா தன்ர வாயால சொல்லட்டும்."

தாய் என்ன சொல்வார் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இருக்கவில்லை. அவர் பிறந்த நாளிலிருந்து அந்தக் கதைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்ட தாய் அல்லவா?

எனக்கு மறுபடி பயம் வந்தது, அடி விழுமோ என்று முதலில் வந்ததைவிட வேறு பயம். மாமி என்னிடம் கேட்டது, தன்னை அடிக்கிறவளாகக் கீறாதே என்று மட்டும். அடி வாங்குகிறவளாகக் கீறு என்று அவர் கேட்கவில்லை. அறுபத்தொன்பது வருஷம் மூடிவைத்ததை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் கோபத்துக்காகப் பத்தடிச் சுவரில் பரப்பிவிட்டேன். நானும் அவரை வைத்து ஒரு கதைதான் சொல்லியிருக்கிறேன் என்று அந்த மண்டபத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது.

ஓட்டோ வந்து நின்றது. கணவர் கையைப் பிடித்து இறக்கினார். மாமி கயிறு கட்டும் இடம்வரை வந்து, பழக்கத்தில் நின்றுவிட்டார். "உள்ளுக்கு வாங்கோ அம்மா, இன்னும் கும்பாபிஷேகம் ஆகேல்லை" என்றார் பெரியத்தான். அந்த மண்டபத்துக்குள் மாமி முதன்முதல் கால் வைத்தது அப்போதுதான்.

வாசலில் கிடந்த பெட்டை நாய் எழும்பி, மாமியின் சேலையை மணந்து பார்த்தது. விளக்குமாறு தேடுவார் என்று பார்த்தேன். மாமி ஒன்றும் செய்யவில்லை. நாயும் கூடவே நடந்து வந்து, அவர் நின்ற இடத்தில் படுத்துக்கொண்டது.

"பாருங்கோ அம்மா" என்றார் பெரியத்தான். குரலை உயர்த்தி, மேசனுக்கும் ஓட்டோக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார். "உங்கட மருமகள் கீறி வைச்சிருக்கிறதைப் பாருங்கோ. இது பொய்யெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, இப்பவே அழிச்சுவிடுறன்."

மாமி பொல்லில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பார்த்தார். நாயின் பக்கம் கனநேரம் நின்றார். கையை நீட்டி அதன் முதுகுக்குக் கிட்டக் கொண்டுபோய், வர்ணம் ஈரமோ என்று யோசித்தவர்போல, தொடாமல் எடுத்துக்கொண்டார். பிறகு நிலத்தில் கிடக்கும் பெண்ணிடம் வந்தார்.

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாய் நல்லா வந்திருக்கு" என்றார் மாமி. "அதே சிவலை." என் பக்கம் திரும்பி, குழம்பில் உப்புக் குறை சொல்லும் அதே குரலில் கேட்டார். "என்னை ஏன் இவ்வளவு வடிவாக் கீறினனீ? எனக்கு அப்ப முகம் வீங்கியெல்லே இருந்தது."

பெரியத்தான் மேசனைப் பார்த்தார். மேசன் தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டு வெளியே போனார்.

நான் தட்டில் ஊதாவையும் மண்ணிறத்தையும் குழைத்தேன்.

"எந்தக் கன்னம், மாமி?"

"இடது" என்றார். "அவர் சோத்துக்கையாலதானே அடிக்கிறவர்."